என் கணவர் கேட்ட கேமிங் லேப்டாப்

"எனக்கு ஒரு கேமிங் லேப்டாப் வேணும்" என்று என் கணவர் சொன்னபோது நான் சமையலறையில் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். காதில் சரியாக விழவில்லை என்றுதான் நினைத்தேன். அவர் மறுபடியும் அதையே சொன்னார். புளிக்கையோடு ஹாலுக்கு வந்தேன். சோபாவின் ஓரத்தில், கைலியின் வலது பக்கத்தை மடித்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. காலை எடுத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

"லேப்டாப்பா? உங்களுக்கா?"

"கேமிங் லேப்டாப். சாதா லேப்டாப்ல ஓடாது."

"என்ன ஓடாது?"

"பஸ்ஸு."

நான் அப்படியே நின்றுவிட்டேன். அவருக்கு நாற்பத்தாறு வயது. வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பக்கூட என்னைத்தான் கூப்பிடுவார். வீட்டில் அதுவரை கம்ப்யூட்டர் என்று ஒன்று இருந்ததில்லை. எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. இவருக்கு யார் இதைச் சொல்லிக்கொடுத்தது என்று யோசித்தபடி, புளித்தண்ணீர் தரையில் சொட்டுவதைக்கூடக் கவனிக்காமல் நின்றேன்.

அவர் கம்பெனி பஸ் ஓட்டியவர். கூலிம் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ். முதலில் சிடாம் கிரி பக்கம் ஓட்டினார், பிறகு நெடுங்காலம் பாடாங் மேஹா பக்கம். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த தொழிலாளர் லயங்களிலிருந்தும் புதிதாக எழும்பிய தாமான் குடியிருப்புகளிலிருந்தும் எங்களை அள்ளிக்கொண்டு போவார். நான் அந்த பஸ்ஸில்தான் வேலைக்குப் போனேன். அவர் பஸ்ஸில் ஏறினால் கூலிம் வரும்வரை நிம்மதியாகத் தூங்கலாம் என்று பெண்கள் சொல்வார்கள். திடீரென்று பிரேக் போடமாட்டார். வண்டி நின்றதே சில நேரம் தெரியாது. எல்லோரும் தூங்க, நான் மட்டும் தூங்காமல் முன்கண்ணாடியில் தெரிந்த அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு போனேன். எங்கள் கல்யாணக் கதை அவ்வளவுதான்.

இனிப்பு நீர் அவருக்குப் பல வருடமாக இருந்தது. மாத்திரை போட்டுக்கொள்வார், டீயில் சீனியைக் குறைத்துக்கொள்வார், மற்றபடி அதை ஒரு நோயாகவே நினைத்ததில்லை. தீபாவளிக்கு வாங்கிய புது ஷூ வலது பாதத்தில் கடித்தது. கொப்புளம் உடைந்து புண்ணானது. அவருக்கு அந்தப் பாதத்தில் உணர்ச்சி குறைவு, அதனால் வலிக்கவில்லை. வலிக்காததால் என்னிடம் சொல்லவும் இல்லை. காலுறையில் ஈரம் கண்டு நான் கத்தி, ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். மருந்து வைத்துக் கட்டி அனுப்புவார்கள் என்று நினைத்து வீட்டில் அரிசியை ஊறவைத்துவிட்டுப் போயிருந்தேன். இளம் மலாய் டாக்டர் ஒருத்தி கட்டைப் பிரித்துப் பார்த்தாள். வெளியே போய் இன்னொரு டாக்டரைக் கூட்டிவந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும், தள்ளிப்போட முடியாது என்றாள்.

"ஒரு செருப்புக்கடிக்கா காலை எடுப்பீங்க?" என்று நான் தமிழிலேயே கேட்டேன். அவளுக்குப் புரிந்திருக்காது. ஒரு நர்ஸ் என் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். என் கணவர் என்னைப் பார்க்கவில்லை. தன் பாதத்தை, யாரோ ஒருவருடைய பாதத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் எதையும் கேட்கவில்லை. இன்ன குழம்பு வை என்று கேட்கவில்லை. டிவியைப் போடு என்றும் கேட்கவில்லை. பஸ் முதலாளியிடம் சாவியை அவரே ஆள் மூலம் கொடுத்தனுப்பிவிட்டார். நாள் முழுக்கக் கைப்பேசியில் வீடியோ பார்ப்பார். நான் எட்டிப் பார்த்தபோதெல்லாம் ஏதோ பஸ் போய்க்கொண்டிருக்கும், மழை பெய்யும், வைப்பர் ஆடும், ஆட்கள் ஏறி இறங்குவார்கள். யாரோ பஸ்ஸுக்குள் இருந்து எடுத்த படம் என்று நினைத்தேன். அது கேம் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

சும்மா கிடந்த மனிதர் வாய் திறந்து ஒன்று கேட்டிருக்கிறாரே என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் காரில் சுங்கை பட்டாணிக்கு அழைத்துப் போனேன். கடையில் இருந்த சீன இளைஞன் பொறுமையாக விளக்கினான். சாதாரண லேப்டாப்பில் போட்டால் பஸ் விட்டு விட்டுத்தான் நகரும், படத்துக்கென்று தனி கார்டு உள்ளதுதான் வேண்டும் என்றான். ஒன்றை எடுத்துக் காட்டினான். விலைச்சீட்டில் இருந்த எண்ணை நான் முதலில் மாடல் நம்பர் என்று நினைத்தேன். விலை எது என்று கேட்டேன். அவன் அதையே விரலால் தொட்டுக் காட்டினான். என் மூன்று மாதச் சம்பளம் அது. என் கணவர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, "வா, போலாம்" என்றார்.

திரும்பி வரும்போது முன் சீட்டில் உட்கார்ந்திருந்தவருக்குச் சட்டை நனையும் அளவுக்கு வியர்த்திருந்தது. ஏமாற்றம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வேலையில் இதைச் சொன்னேன். தொழிற்சாலை லைனில் எனக்குப் பக்கத்தில் நிற்கும் மலாய்க்கார அக்காவின் கணவர், ஜப்பானிலிருந்து பழைய மோட்டார் சைக்கிள் சாமான் வரவழைத்து விற்பவர். புதிது எதற்கு, ஜப்பான்காரர்கள் பாவித்ததை வாங்கு, அவர்கள் சாமானைப் பிள்ளை மாதிரி வைத்திருப்பார்கள் என்றாள் அக்கா. ஜப்பானில் கடை, நடுவில் வாங்கி அனுப்பும் ஏஜெண்ட், பிறகு கூலிம். தன் கணவருக்குப் பழகிய வழி என்றாள். என் பழைய மோட்டார் சைக்கிளை மாற்றுவதற்காக நான் வைத்திருந்த போனஸ் பணம் இருந்தது. கடையில் பார்த்த விலையில் பாதிகூட வராது. ஆனால் பழையதென்றால் எட்டும்.

அன்றிலிருந்து தேநீர் நேரமெல்லாம் இதுதான் வேலை. அக்காவும் நானும் தலையோடு தலை முட்டிக்கொண்டு கைப்பேசியைப் பார்ப்போம். நல்லதாக இருந்தால் விலை எட்டாது. விலை எட்டினால் திரையில் கோடு இருக்கும், அல்லது சார்ஜர் இருக்காது. கடைசியில் ஒன்று அகப்பட்டது. கறுப்பு நிறம், மூடியில் ஒரு நசுங்கல், சில எழுத்துகள் தேய்ந்திருந்தன. கடைக்காரர் ஜப்பானியத்தில் எழுதியதைக் கைப்பேசி மொழிபெயர்த்துக் காட்டியது. இந்தக் குழந்தைக்குச் சிறு காயம் உண்டு, ஆனால் நன்றாக ஓடி விளையாடும் என்று வந்தது. அக்கா சிரித்து மேசையில் அடித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பணத்தைக் கட்டும் பொத்தானை அழுத்திய பிறகு, முகம் தெரியாத ஒரு ஊருக்கு என் மோட்டாரை அனுப்பிவிட்டேன் என்றுதான் தோன்றியது.

அடுத்த அதிர்ச்சி ஒரு போன் வடிவில் வந்தது. வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஒரு ஆண் மலாயில் பேசினான். வெளிநாட்டிலிருந்து உங்களுக்குப் பொட்டலம் வந்திருக்கிறது, சுங்கத்தில் நிற்கிறது, ஐசி அடையாள அட்டையின் நகலும் வாங்கிய ரசீதும் அனுப்புங்கள் என்றான். இப்படித்தான் ஏமாற்றுவார்கள் என்று கம்பெனியில் எங்களை உட்காரவைத்துப் பேச்சே நடத்தியிருந்தார்கள். நான் விடவில்லை. உனக்கு அம்மா அக்கா இல்லையா, ஏழைகள் வயிற்றில் அடிக்கிறாயே என்று மலாயில் ஆரம்பித்து, கோபம் தாங்காமல் தமிழுக்கு மாறி, கட்டையில போறவனே வரைக்கும் போய்விட்டேன். பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவன் மரியாதையாக "புவான், புவான்" என்று அழைத்தபடியே இருந்தான். போனை வெட்டி, அந்த எண்ணையும் தடுத்துவிட்டேன். அன்று எனக்கு ஒரே பெருமை.

அந்தப் பெருமையை அடுத்த வாரம் தேநீர் நேரத்தில் அக்காவிடம் சொன்னேன். அவள் கடித்துக்கொண்டிருந்த பன்னைக் கீழே வைத்தாள்.

"அது நிஜம் லா!" என்றாள்.

என் கைப்பேசியைப் பிடுங்கி அவளே பார்த்தாள். பொட்டலம் போகும் வழியைக் காட்டும் பக்கத்தில் ஒரு வரி சிவப்பாக இருந்தது. கேட்ட ஆவணங்கள் கிடைக்காததால் அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பப்படும். மணி அடித்துவிட்டது, லைனுக்குப் போக வேண்டும். நான் சூப்பர்வைசரிடம் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குள் ஓடி, தடுத்த எண்ணைத் திறந்து கூப்பிட்டேன். அதே குரல். பெயரைச் சொன்னேன்.

"இன்றைக்குத் திட்ட மாட்டீர்கள்தானே, புவான்?" என்று மலாயில் கேட்டான்.

அழுகையும் சிரிப்புமாக மன்னிப்புக் கேட்டேன். அவனும் சிரித்தான். இன்னும் ஏற்றிவிடவில்லை, உடனே அனுப்புங்கள் என்றான். கழிப்பறைக் கதவில் சாய்ந்துகொண்டே அனுப்பினேன்.

பொட்டலம் வீட்டுக்கு வந்த அன்று நான்தான் பிரித்தேன். என் கணவர் சோபாவில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அட்டையைக் கிழித்து, காற்றுக்குமிழி பிளாஸ்டிக்கை ஒதுக்கியதும் கையில் அகப்பட்டது கறுப்பாக, நீள்சதுரமாக, கனமாக ஒரு கட்டி. செங்கல் வைத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று ஆட்கள் காட்டிய படங்கள் எல்லாம் கண்முன் வந்தன.

"ஐயோ, கல்ல வச்சு அனுப்பிட்டானுங்க!" என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"கத்தாத. அதுல வயர் தொங்குது பாரு. அது சார்ஜரு."

அவ்வளவு பெரிய சார்ஜரை நான் கண்டதில்லை. அதற்கு அடியில் லேப்டாப் இருந்தது, சொன்ன இடத்தில் சொன்ன நசுங்கலோடு. பிளக் நம் ஊர்ச் சுவரில் பொருந்தவில்லை. ஜப்பான் கரண்டும் நம் கரண்டும் வேறு, போட்டால் வெடிக்கும் என்று நான் தடுத்தேன். அவர் சார்ஜரை வெளிச்சத்தில் பிடித்து, பொடி எழுத்தை வாசித்து, நம் ஊர் கரண்டுக்கும் தாங்கும் என்றார். சாமான் கடையில் ஒரு மாற்றுத்தலை வாங்கிவந்து மாட்டினேன். திறந்தால் திரை முழுக்க ஜப்பான் எழுத்து. இதற்கா என் மோட்டார் போனது என்று புலம்பினேன். அவர் கலங்கவில்லை. கைப்பேசிக் கேமராவை எழுத்துகளின்மேல் பிடித்துப் பிடித்து, என்ன சொல்கிறது என்று பார்த்துப் பார்த்து, ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து மொழியை மாற்றிவிட்டார். இந்த மனிதருக்கா குரல் பதிவு அனுப்பத் தெரியாது என்று வாய்பிளந்து நின்றேன்.

பிறகு கேமை இறக்கினார். அதற்கு இன்னும் இரண்டு நாள் பிடித்தது. முதல்முறை அந்த பஸ்ஸின் என்ஜின் உறுமியபோது நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். என் கணவரின் முதுகு நிமிர்ந்தது. தோள் இறங்கியது. பின்னாலிருந்து பார்த்தால் பழைய ஆள்தான். ஸ்டியரிங் வாங்க வசதியில்லை, அதனால் அம்புக்குறி பொத்தான்களால்தான் ஓட்ட வேண்டும். மேல்பொத்தான் எண்ணெய், அழுத்தினால் வேகம் கூடும்; கீழ்ப்பொத்தான் பிரேக். ஏறும் பயணிகளுக்குக் கதவு திறந்து மூடுவார். எனக்கு மனம் குளிர்ந்தது.

என் அண்ணனுக்குக் குளிரவில்லை. ஒரு நாள் கோழி வாங்கிக்கொண்டு வந்தவர், மச்சான் கேம் விளையாடுவதைப் பார்த்துவிட்டு என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனார்.

"உனக்குப் பைத்தியமா? நீ வேலைக்கு ஓடுற, அவரு இங்க உக்காந்து கேம் விளையாடுறாரு. சின்னப் பையனா? போய் வேற எதாவது வேலை பார்க்கச் சொல்லு லா. டிக்கெட் விக்கட்டும், கடையில உக்காரட்டும்."

"அண்ணே, மெதுவா பேசுங்க."

"கேக்கட்டும்."

கேட்டிருக்கும். ஹாலில் என்ஜின் சத்தம் நின்றுவிட்டது. அண்ணன் போகும்வரை அது திரும்ப வரவில்லை.

அதற்குப் பிறகு, நான் வீட்டில் இருக்கும்போது அவர் விளையாடுவதில்லை. ஒரு நாள் கரண்டு போய் எங்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே பெரிய மோதல் சத்தம். கண்ணாடி நொறுங்கியது, பெண்கள் அலறினார்கள். பதறி உள்ளே பார்த்தேன். திரையில் அவர் பஸ் ஒரு லாரியின் பின்புறத்தில் புகுந்து நின்றது. அவர் ஒரு பொத்தானைத் தட்டினார். பஸ் மறுபடி முழுசாகி, பழைய நிறுத்தத்தில் நின்றது. ஆட்கள் ஏறினார்கள். புறப்பட்டார். ஒரு வளைவு, ஒரு பாலம், அப்புறம் அதே லாரி. அதே இடத்தில் புகுந்தது. அதே அலறல். அவர் முகத்தில் கோபமோ வருத்தமோ எதுவும் இல்லை. மறுபடியும் பொத்தானைத் தட்டினார்.

வாழ்நாளில் ஒரு கீறல் விழாமல் பஸ் ஓட்டியவர், நாற்பது பேரோடு வேண்டுமென்றே கொண்டுபோய் மோதுகிறார் என்று எனக்குத் தோன்றியது. நான் உள்ளே போகவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, தெருமுனைவரை நடந்து போய்த் திரும்பி வந்து, அப்போதுதான் வருகிறவள்போல கேட்டைச் சத்தமாகத் திறந்தேன். அவர் லேப்டாப்பை மூடியிருந்தார்.

"என்ன சீக்கிரம்?"

"கரண்டு இல்ல."

மறுநாள் வேலைக்குப் போகுமுன் பெரிய கத்தியை அரிசி டின்னுக்குள் மறைத்தேன். அவருடைய மாத்திரைகளை என் பையில் போட்டுக்கொண்டு, அன்றைக்குள்ளதை மட்டும் மேசையில் வைத்தேன். பின்பக்கம் துணி காயப்போடும் நைலான் கயிற்றை அவிழ்த்து அலமாரிக்கு மேலே எறிந்தேன். லைனில் நின்றால் கை வேலை செய்கிறது, காதில் அந்த அலறல். வேறு நாள்களிலும் வேலையிலிருந்து சீக்கிரம் கிளம்பி, சத்தமில்லாமல் வந்து ஜன்னலோரம் நின்றேன். அதே பாலம், அதே லாரி. சில நாள் லாரிக்குப் பதில் குறுக்கே வரும் மோட்டார். மோதல் மட்டும் மாறவில்லை.

மலாய்க்கார அக்காவிடம் சொன்னேன். நீயாக எதையும் நினைத்துக்கொள்ளாதே, நேராகக் கேள், கேட்டால் குறைந்துபோகமாட்டாய் என்றாள்.

கேட்கும் சந்தர்ப்பத்தை அவரே கொடுத்தார். சனிக்கிழமை மத்தியானம், வானம் கறுத்திருந்தது. ஈரத்துணி வாளியோடு நான் பின்கதவில் நின்றேன்.

"துணிக் கயித்த ஏன் அவுத்த?" என்றார்.

நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"நீங்க ஏன் பஸ்ஸக் கொண்டுபோய் மோதுறீங்க?"

"எப்பப் பார்த்த?"

"எத்தனையோ தடவ பார்த்துட்டேன். ஜன்னல்கிட்ட நின்னு. அதே எடத்துலதான் மோதுறீங்க. சாகணும்னு நெனைக்கிறீங்களா? சொல்லிருங்க. நான் தாங்கிக்குவேன், ஆனா சொல்லாம எதையும் செஞ்சிராதீங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வெறும் கொடிக்கம்பங்களைப் பார்த்தார். கயிறு ஏன் இல்லை என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. காலை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோதுகூட அவரிடம் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

"வேணும்னே மோதுறேன்னா நெனச்ச?"

"பின்ன?"

"பிரேக் புடிக்கலம்மா."

"பொத்தான் கெட்டுப்போச்சா? ஜப்பான்காரன் ஏமாத்திட்டானா?"

"பொத்தான் நல்லாத்தான் இருக்கு. இங்க வா."

ஹாலில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார். என்னைத் தரையில், தன் வலது பக்கம் உட்காரச் சொன்னார். என் கையை எடுத்து, கைலிக்கு மேலாகத் தன் வலது தொடையில் வைத்து அழுத்தினார். "எடுக்காத. அப்படியே வச்சிரு" என்றார். பஸ் புறப்பட்டது. வளைவு வந்தது, பாலம் வந்தது. என் கைக்கு அடியில் தொடை சாதாரணமாக, தளர்ந்துதான் இருந்தது. திடீரென்று முன்னால் லாரியின் சிவப்பு விளக்கு எரிந்தது.

என் கைக்குக் கீழே தொடை மரக்கட்டையாக இறுகி முன்னால் தள்ளியது. முழங்கால் நிமிர்ந்து, வெட்டி முடிந்த அந்த நுனி கைலித்துணியை உதைத்துக்கொண்டு முன்னோக்கிப் போனது. இல்லாத பாதம் இல்லாத பிரேக்கை மிதித்தது. விரல் பொத்தானின்மேல் சும்மா கிடந்தது. திரையில் பஸ் லாரிக்குள் போனது. பெண்கள் அலறினார்கள்.

நான் கையை எடுக்கவில்லை. எடுக்க வரவில்லை.

"தெரிஞ்சுதா?" என்றார். "கால் முந்திக்குது. நல்லா மிதிச்சிட்டேன், வண்டி நிக்கும்னு கைக்கு ஒரு நிம்மதி. அது சும்மா இருந்துருது."

"எப்பருந்து இப்படி?"

"ஆஸ்பத்திரிலருந்து வந்ததுலருந்தே. உங்க அண்ணன் கார்ல சுங்கை பட்டாணி போனோமே, போக வர பூரா நான்தான் பிரேக் புடிச்சிக்கிட்டு வந்தேன். அவரு வேற லேட்டா புடிக்கிற ஆளு."

வியர்த்து நனைந்த அந்தச் சட்டை எனக்கு நினைவு வந்தது.

"ஏன் சொல்லல?"

"இல்லாத காலால மிதிக்கிறேன்னு யார்கிட்டச் சொல்றது? பைத்தியம்னு சொல்வாங்க."

அப்புறம்தான் மற்றதைச் சொன்னார். ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண், டாக்டர் அனுமதித்தால் கியர் மாற்றத் தேவையில்லாத ஆட்டோ காரை இடது காலுக்குத் தக்கபடி மாற்றிப் பழகி ஓட்டலாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறாள். அவருக்கு ஆசை வந்திருக்கிறது. கூடவே பயமும் வந்திருக்கிறது. அவசரத்தில் எது முந்தும் என்று தெரியாமல் ரோட்டில் இறங்க அவருக்கு மனமில்லை.

"இதுல மோதினா யாரும் சாவுறதில்ல. திரும்ப வந்து ஏறிக்கிறாங்க," என்று திரையைக் காட்டினார். நிறுத்தத்தில் அதே ஆட்கள் அதே சட்டையோடு காத்திருந்தார்கள். "இங்க பார்த்துக்கலாம்னுதான் கேட்டேன்."

நான் அழுதேன். அவர் என் தலையில் ஒரு தட்டுத் தட்டி, ஈரத்துணி வாளியிலேயே கிடக்குது, போய்க் கயிற்றைக் கட்டு என்றார்.

இல்லாத கால் இருப்பதுபோல் தோன்றுவது நிறையப் பேருக்கு உண்டு என்று அடுத்த முறை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதைக் கேட்டதும் அவருக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. வீட்டில் ஒளிவு மறைவு போனது. நான் வேலை முடிந்து வந்ததும் அவர் பக்கத்தில் தரையில் உட்காருவேன், கை அவர் தொடையில் இருக்கும். இறுகினால் "கை! கை!" என்று கத்துவேன். அண்டை வீட்டார் நாங்கள் சண்டை போடுகிறோம் என்று நினைத்திருப்பார்கள். பல வாரம் கால்தான் முந்தியது. ஒரு நாள் மோட்டார்காரன் குறுக்கே வந்தான், தொடை இறுகியது, அதே நொடியில் விரலும் அழுந்தியது. பஸ் நின்றது. யாரும் அலறவில்லை. என்ஜின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அவர் வெகுநேரம் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவே இல்லை.

அதன்பின் நின்ற தடவைகள் கூடிக்கொண்டே வந்தன. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தன் பழைய ஆட்டோ காரை எப்படியும் மாற்றத்தான் போகிறேன், மச்சானே எடுத்துக்கொள்ளட்டும் என்றார். சந்தோஷத்தோடு ஓடிவந்து என் கணவரிடம் சொன்னேன்.

"வேணாம்," என்றார்.

"என்ன வேணாம்?"

"நான் ஓட்டல."

"இப்பத்தான் நல்லா நிக்குதே!"

"பத்துல ஒம்பது தடவ நிக்குது."

"அது போதாதா?"

"அந்த ஒரு தடவ யாரு குறுக்க வருவா? உன்னை மாதிரி வேலைக்குப் போற ஒருத்திதான் மோட்டார்ல வருவா." குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். "பஸ்ல ஒருத்தர் மண்டையும் முன் சீட்டுல இடிச்சதில்ல. இனிமே இடிக்க வேணாம்."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "அப்ப எதுக்கு ஜப்பான்லருந்து இத வரவழைச்சோம்? எதுக்கு நான் அந்த ஆளத் திட்டி, கக்கூஸ்ல நின்னு மன்னிப்புக் கேட்டு…"

"கேமிங் லேப்டாப்னுதானே கேட்டேன்? கேம் விளையாடுறேன்," என்றார். முகத்தில் சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கண்டு எவ்வளவு காலமாகியிருந்தது! எனக்கு மேற்கொண்டு கோபப்படத் தெரியவில்லை. "காரு வேணாம்னு சொல்லல. வாங்கு. நீ ஓட்டு."

"நானா?"

எனக்கு மோட்டார் லைசென்ஸ் மட்டும்தான். கார் ஓட்டுவது என்பதை நான் கனவில்கூட நினைத்ததில்லை. அவர் எழுந்து நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு ஊன்றுகோலோடு பின்னால் நின்றார். "ஓட்டிப் பாரு" என்றார். நிறுத்தத்திலிருந்து எடுத்த வேகத்தில் பஸ்ஸை ஒரு பழக்கடைக்குள் விட்டேன். "ஐயோ, பயணி!" என்று அவர் நிஜமாகவே அலறினார். திரும்பிப் பார்த்தால் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

கார் லைசென்ஸுக்கான முதல் தேர்வில் மேட்டில் வண்டி பின்னுக்கு உருண்டு தோற்றேன். இரண்டாம் முறை தேறினேன். அண்ணனுடைய கார் எங்கள் வாசலுக்கு வந்தது. முதல் தடவையாக நாங்கள் இருவர் மட்டும் கூலிமுக்குப் போனது, அவருக்குச் செயற்கைக் கால் அளவு எடுக்கும் நாளில். ஸ்டியரிங்கை நான் இறுகப் பிடித்திருந்ததில் விரல் மரத்துப்போனது. ஒன்றும் பேசக்கூடாது என்று ஏறும்போதே சொல்லிவிட்டேன். அவரும் வாயைத் திறக்கவில்லை. டவுனுக்குள் நுழையும் சிக்னலில் முன்னே போன லாரி திடீரென்று நின்றது. மிதித்தேன். கார் குலுங்கி, லாரிக்கு ஒரு முழம் பின்னால் நின்றது.

"லேட்டு," என்றார்.

"நின்னுச்சுல்ல?"

"நின்னுச்சு. ஆனா லேட்டு."

"நீங்க எப்பப் புடிச்சீங்க?"

"லாரிக்காரன் கண்ணாடியில பார்த்தானே, அப்பவே."

சிக்னல் பச்சையானது. பின்னால் யாரோ ஹார்ன் அடித்தார்கள்.

"போ லா," என்றார்.